அக்காவின் கையெழுத்து

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவும் குழந்தையும் நலமா? போனில் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன்.

மனநல ஆலோசகர் படிப்பில் இந்தப் பருவத்துக்கு ஒரு வேலை: ஒருவரிடம் நான்கு வாரம் பேசி, அவர் சொன்னதையும் நாம் கேட்டதையும் அப்படியே எழுதித் தரவேண்டும். யாரையும் கூப்பிட எனக்குக் கூச்சம். ஞாயிறுதோறும் நீ போனில் பேசியதை எழுதிவிட்டேன். குழந்தை அழுதால் தூக்கப் பிடிக்கவில்லை என்று நீ சொன்னதையும்.

பெயரை மாற்றினேன். சம்மதக் கையெழுத்து கேட்டார்கள். உன்னுடையதை நானே போட்டேன். அப்பாவுக்குப் பதிலாக என் ரேங்க் கார்டில் நீ போடுவாயே, அப்படி.

நேற்று பேராசிரியை அதை வகுப்பில் வாசித்துப் பாராட்டினார். பின்வரிசையில் ஒருத்தி, "இவளெல்லாம் எதுக்குப் பெத்துக்கிறா?" என்றாள். நான் குனிந்து நோட்டில் எழுதுவதுபோல் இருந்தேன் அக்கா.

உன் தங்கை

ஜூலை 15

குட்டிக்கு,

தையல் கம்பெனியில சாப்பாட்டு நேரத்துல படிச்சேன். ரெண்டு தடவை.

பெத்த பிள்ளையைப் பிடிக்கலைன்னு எவகிட்ட சொல்ல முடியும்? மாமாகிட்டகூடச் சொல்லலை. நான் தங்கச்சிகிட்ட பேசிட்டிருந்தேன், நீ பரீட்சை எழுதிட்டிருந்திருக்கே. "அப்புறம் என்ன தோணுச்சு"ன்னு நீ கேக்கும்போதெல்லாம், இவளுக்குத்தான் என்மேல எவ்வளவு பாசம்னு நினைச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்.

ரேங்க் கார்டுல நான் போட்டது நீ அடி வாங்கக்கூடாதுன்னு. ரெண்டையும் ஒண்ணாக்காதே.

மார்க் எவ்வளவு?

அக்கா

ஜூலை 22

அன்புள்ள அக்கா,

நாற்பதுக்கு முப்பத்தெட்டு. இப்போது பூஜ்யம். பேராசிரியையிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். இந்தப் பருவத்தை மறுபடி படிக்கவேண்டும். "சம்மதம் வாங்கணும்னு முதல் பாடத்துலயே இருக்கேம்மா" என்றார். அந்தப் பாடத்தில் முழு மார்க் வாங்கியவள் நான்.

மன்னிக்கச் சொல்ல முகமில்லை. ஒன்று மட்டும்: நீ சொன்னது பிரசவத்துக்குப் பிறகு பலருக்கு வருவது. உன் குற்றமில்லை. டாக்டரிடம் சொன்னால் சரியாகும். முதல் ஞாயிறே இதை நான் சொல்லியிருக்கவேண்டும். அடுத்து என்ன கேட்கலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

உன் தங்கை

ஆகஸ்ட் 4

குட்டிக்கு,

டாக்டரம்மாகிட்ட போனேன். மருந்து குடுத்திருக்காங்க. வாரத்துக்கு ஒருநாள் அங்கேயே ஒரு ஆலோசகர் அம்மா என்கூட உக்காந்து பேசுறாங்க. நேத்து பாப்பாவைக் குளிப்பாட்டினேன், அது சிரிச்சுது.

போன் பண்ணு. மழை, காய்கறி, உன் ஹாஸ்டல் பூனை, எதை வேணா பேசலாம். என் மனசுல என்ன இருக்குன்னு மட்டும் கேக்காதே. அதுக்கு இப்ப வேற ஆள் இருக்காங்க.

அக்கா