இடைவேளையில் பக்கம் மாறியவன்

மாரீனுக்கு,

உன் முழங்கால் இப்போது படியேற விடுகிறதா? எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, வேலைக்கு வந்த இந்த ஊர்தான் என்னை முறைக்கிறது.

சனிக்கிழமை கால்பந்துக் கோப்பை ஆட்டத்துக்கு நம்மூர் அணி இங்கே வந்தது. தினமும் என்னை வேனில் வேலைக்குக் கூட்டிப்போகும் கிளிஃபிடம், "இனிமே நான் உங்க கட்சி" என்று சொல்லி, இந்த ஊர் அணியின் நிறத்து மஃப்ளரையே கட்டிக்கொண்டு நின்றேன். இடைவேளையில் அவரவர் அணி கோலடிக்கப்போகும் பக்கத்துக்கு இரண்டு கூட்டமும் இடம் மாறுமே, அங்கேதான் மாட்டினேன். முப்பது வருஷப் பழக்கம், கையில் டீயோடு நம்மூர்க் கூட்டத்தின் பின்னாலேயே போய்விட்டேன்.

"எவன்டா அது, எதிரி மஃப்ளரோட?"

"நம்ம மாரீன் புருஷன்யா. வயித்துக்காக ஊரையே வித்துட்டான்."

திரும்பினால், எதிர்ப்பக்கம் போகும் கூட்டத்தில் கிளிஃப் நிற்கிறான். "அங்கேயே நில்லு ரெஜ். திங்கக்கிழமை நடந்தே வா. உன் காலுதான் உன்னைக் கேக்காமலே நல்லா நடக்குதே."

மீதி ஆட்டத்தை மூலைக்கொடிப் பக்கம் தனியாக நின்று பார்த்தேன். தடித்த காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. வேலைக்கு நான்கு மைல்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. நாம்தான் ஜெயித்தோம், இரண்டுக்கு ஒன்று. 'நாம்' என்று வாய்விட்டுச் சொல்ல இங்கே ஆளில்லை.

உன் ரெஜ்