உரக்கடைக் குடோனில் ஒளித்த வைத்தியம்

மாப்ள,

ஆடிப் பட்டத்துக்குச் சரக்கு இறக்க வேண்டும் என்று போன வாரம் கடைக் குடோனை ஒழித்தேன். பூச்சி மருந்துப் பெட்டிகளுக்குப் பின்னால், சுவரை ஒட்டி, உன் லேகிய டப்பா கிடந்தது. மூடியைத் திறந்ததும் சிக்கு வாடை அடித்த நெய்யும் ஜாதிக்காயும் சேர்ந்து மூக்கில் ஏறியது. பெரம்பலூரில் இருபது வருஷமாக உரக்கடை வைத்திருக்கிறவனுக்கு நாற்றம் ஒன்றும் புதிதில்லை. ஆனாலும் அந்த வாடைக்கு நான் அங்கேயே யூரியா மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். நீ செத்துப் போன பிறகு உன்னை நினைத்து ஒழுங்காக அழுதது அன்றைக்குத்தான்.

நீ அதை முதலில் சொன்ன மதியம் ஞாபகம் இருக்கிறது. குன்னத்திலிருந்து பைக்கில் வந்தாய். கடையில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு ஷட்டரைப் பாதி இறக்கினாய். "மாப்ள, ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது" என்றாய். நீ அப்படிச் சொன்னதற்கே நான் சிரித்துவிட்டேன். "வளைஞ்சு போச்சுடா" என்றாய். "எது, மோட்டார் பைப்பா?" என்று கேட்டேன். நீ குனிந்து உன் மடியைப் பார்த்தாய். எனக்கு அப்புறம் சிரிப்பு வரவில்லை.

உள்ளே கட்டி மாதிரி ஒன்று தட்டுப்படுகிறது, எழும்பும்போது மேல்பக்கமாக வளைகிறது, வலி உயிர் போகிறது என்று சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். ஐம்பது வயது தாண்டிய இரண்டு ஆம்பளைகள், எட்டாம் வகுப்பிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள், அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டுக் கடைசி வரைக்கும் 'அது', 'அது' என்றே பேசிக்கொண்டிருந்தோம்.

போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாய். "என் வூட்டுல, தங்கச்சிகிட்ட வாய் தவறிக்கூட சொல்லக் கூடாது. உன் மவ தலமேல சத்தியம் பண்ணு."

"எதுக்குடா என் மவ தல? உன் தல என்ன ஆச்சு?"

"என் தலைக்கு நீ பயப்பட மாட்ட."

சரியாகத்தான் என்னை எடை போட்டிருந்தாய். சத்தியம் பண்ணினேன்.

பெரம்பலூரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அரியலூர் போனோம். மாதம் ஒரு தடவை லாட்ஜில் ரூம் போட்டு உட்காருகிற வைத்தியர். மாடி வராண்டாவில் பெஞ்சு போட்டு, பத்துப் பன்னிரண்டு பேர் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தன் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. அதில் உன் ஊர்க்காரர் ஒருத்தரும் இருந்தார். அவரும் யாரும் பார்த்துவிடக் கூடாது என்றுதான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். "முட்டி வலிக்கு நல்லாப் பாக்குறாருன்னாங்க" என்றார். "எனக்கும் முட்டிதாங்க" என்றாய். இறங்கி வந்து பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது அதைச் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அந்தக் காரியத்தில் நாம் சிரித்தது அவ்வளவுதான்.

வைத்தியர் உன்னைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "வயசுல பண்ணின தப்பு, இப்ப வேலையக் காட்டுது" என்று சொல்லி லேகியத்தைக் கையில் கொடுத்தார். நீ அதை நம்பினாய். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. சின்ன வயதில் எவனும் செய்கிற ஒன்றுக்கு, கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த பிறகு சாமி தண்டனை கொடுத்திருக்கிறது என்று நம்பினாய். வீட்டில் வைத்தால் கேள்வி வரும் என்று டப்பாவை என் கடையில் ஒளித்தாய். காலையில் ஒரு உருண்டை, சாயங்காலம் ஒரு உருண்டை. ஜிங்க் சல்பேட் வாங்க வந்தவன் மாதிரி வந்து, குடோனுக்குள் போய் வாயைத் துடைத்துக்கொண்டு வருவாய். வலியும் குறையவில்லை, வளைவும் குறையவில்லை. சர்க்கரை மட்டும் ஏறியது.

சர்க்கரை பார்க்கப் போன இடத்தில்தான் டாக்டரிடம் எப்படியோ வாயைத் திறந்திருக்கிறாய். அவர் திருச்சிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே இருந்தவர் சின்ன வயது டாக்டர், உன் மூத்தவனைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். நன்றாகப் பரிசோதித்துவிட்டு, "கையக் காட்டுங்க" என்றார். உன் மோதிர விரல் கொஞ்ச நாளாக உள்பக்கம் மடங்கியே இருந்ததை, மண்வெட்டி பிடித்த கை என்று நாம் விட்டுவிட்டோம். "ரேகை பாக்குறாரோ?" என்று என் காதில் கேட்டாய். இதுவும் அதுவும் ஒரே குடும்பத்து வியாதி என்றார் அவர். பெய்ரோனி என்று பேர் சொன்னார்.

"சைக்கிள் டியூபுல ஒரு பக்கம் பஞ்சர் ஒட்டியிருந்தா, காத்தடிக்கும்போது அந்த இடம் மட்டும் விரியாது, டியூப் அந்தப் பக்கமா வளையும்ல? அது மாதிரி உள்ள ஒரு தழும்பு. நீங்க எந்தத் தப்பும் பண்ணலீங்க. யாருக்கு வேணாலும் வரும், சர்க்கரை இருக்கறவங்களுக்கு கொஞ்சம் கூடுதலா வரும்."

தப்புப் பண்ணலீங்க என்று அவர் சொன்னபோது உன் தோள் இறங்கியதைப் பார்த்தேன்.

அவர் எதையும் மறைக்கவில்லை. மாத்திரையால் வளைவு நேராகும் என்று ஆசை காட்ட மாட்டேன், வலிக்கு மட்டும் தருகிறேன் என்றார். தழும்பிலேயே ஊசி போடலாம், சிலருக்குக் கொஞ்சம் கேட்கும் என்றார். இழுத்துப் பிடிக்கிற ஒரு கருவி இருக்கிறது, தினம் சில மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும், பொறுமை வேண்டும் என்றார். வலி நின்று, வளைவு சில மாதம் ஒரே மாதிரி நின்ற பிறகுதான் ஆபரேஷன் பேச்சு. எதிர்ப்பக்கம் தையல் போட்டு நிமிர்த்தலாம், நீளம் கொஞ்சம் குறையும். தழும்பைக் கீறி ஒட்டுப் போடலாம், விறைப்பு குறைகிற ஆபத்து உண்டு. சர்க்கரையால் விறைப்பே போய்விட்டால் உள்ளே குச்சி மாதிரி ஒன்றை வைக்கலாம். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் அதைச் சொன்னார்.

"இதுல எதுங்கறத நீங்க மட்டும் முடிவு பண்ணாதீங்க. அடுத்த தடவ வூட்டுல அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

திரும்பி வருகிற பஸ்ஸில், பாடாலூர் தாண்டியதும், "கத்தி வைக்கச் சொல்லு, வச்சுக்கறேன். அவளக் கூட்டியாரச் சொல்றாரே, அது மட்டும் முடியாது மாப்ள" என்றாய். நானும் கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். "ஆம்பளன்னு ஒரு பேரு இருக்கு, அதையும் கொண்டுபோய் அவ முன்னால அவுத்து வைக்கச் சொல்றியா?" என்று கேட்டாய்.

கருவி கூரியரில் கடை விலாசத்துக்கு வந்தது. அதை மாட்டிக்கொண்டு நீ குடோனில் யூரியா மூட்டை மேல் லுங்கியோடு உட்கார்ந்திருப்பாய். "குடோன்ல மருந்து அடிச்சிருக்கு, யாரும் உள்ள போவாதீங்க" என்று நான் வாசலில் காவல் நிற்பேன். விதைக்கும் உரத்துக்கும் ஆள் வருகிற கடை. முழுசாக ஒரு மணி நேரம்கூட உன்னை நிம்மதியாக உட்கார வைக்க என்னால் முடியவில்லை. உன் வீட்டில் கதவு வைத்த அறை இரண்டு இருந்தது.

வலி நின்றது. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், ஆபரேஷன் தேதி வாங்கிவிடலாம் என்று டாக்டர் சொன்னார். கூடவே, வீட்டில் அவங்களை எப்போது கூட்டி வருகிறீர்கள் என்றும் கேட்டார். நீ தள்ளிப் போட்டாய். மக்காச்சோளம் அறுப்பு முடியட்டும் என்றாய், அப்புறம் சின்னவன் பரீட்சை என்றாய். ஒருநாள் காலையில் மோட்டார் போடப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது வீண்.

முந்தாநாள் தங்கச்சி கடைக்கு வந்தது. இப்போது வெள்ளாமை எல்லாம் அதுதான் பார்க்கிறது. அடியுரம் கேட்டது, போட்டுக் கட்டச் சொன்னேன். பணம் கொடுத்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? அவரு ஏன் என்னை ஒதுக்கினாருன்னு ஒங்களுக்குத் தெரியும்ல?"

"ஒதுக்கினானா? என்னம்மா பேச்சு இது?"

"காட்டுல பட்டறை போட்டு வெங்காயம் சேத்து வச்சிருக்கு, களவு போவுதுன்னு காவலுக்குப் படுக்கப் போனாரு. சரின்னு இருந்தேன். வெங்காயத்த வித்து லாரி ஏத்தியாச்சு. வெறும் பட்டறைக்கு யாருண்ணே காவல் படுப்பாங்க?"

நான் பில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"எனக்குக் கர்ப்பப்பை எடுத்தாங்கல்ல, அதுக்கப்புறந்தாண்ணே கட்டில அங்க கொண்டு போனாரு. இனிமே இவ பொம்பளையே இல்லன்னு நெனச்சுட்டாரு போல. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லல. சாவுற வரைக்கும் நல்லாத்தான் வச்சிருந்தாரு. ஆனா தொடல." அழவில்லை. உர விலையைக் கேட்ட அதே குரலில் சொன்னது.

மாப்ள, என் மகள் ஜெயங்கொண்டத்தில் எட்டு மாதக் கர்ப்பமாக இருக்கிறாள். சத்தியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று ஊரெல்லாம் பேசுகிறவன்தான் நான். அந்த நிமிஷத்தில் அவள் தலை என் உள்ளங்கையில் இருக்கிற மாதிரியே இருந்தது. எதிரே ஒரு பொம்பளை, தன் உடம்புதான் குற்றம் என்று மிச்ச வாழ்நாளை ஓட்டப் போகிறாள். நீயோ வந்து விடுவிக்க மாட்டாய்.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். லாட்ஜ், திருச்சி, குடோன், கூட்டிக்கொண்டு வரச் சொன்னது, நீ மாட்டேன் என்றது. இந்தத் தடவை 'அது' என்று மழுப்பாமல், தங்கச்சி என்றும் பார்க்காமல், டாக்டர் சொன்ன மாதிரியே சொன்னேன். உன் மானத்தைக் காப்பாற்றினேனா, கடைவீதியில் வைத்துப் போக்கினேனா, எனக்குத் தெரியவில்லை. கோபம் இருந்தால் என் மேல் வைத்துக்கொள். பிள்ளை மேல் வைக்காதே.

தங்கச்சி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் மேல் கத்தும் என்று நினைத்தேன், உன்னைத் திட்டும் என்று நினைத்தேன். நிமிர்ந்து என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டது.

"ரொம்ப வலிச்சிருக்குமாண்ணே அவருக்கு?"

ஆமாம் என்று தலையாட்டினேன். மூட்டையை ஆட்டோவில் ஏற்றச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டது.

அதுதான் இப்போது என்னோடு இருக்கிறது, மாப்ள. யார் கண்ணிலும் படாமல் வைத்தியம் தேடி நீயும் நானும் எங்கெங்கோ அலைந்தோம். வலிக்குதா என்று கேட்க ஒருத்தி, தினமும் உனக்குச் சோறு போட்டுவிட்டு, நீ பட்டறைக் கட்டிலுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.