ஆதவனை நீயே தூக்கிச் செல்

செஞ்சி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பிற்கினிய மகன் எழிலனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் நைனாவும் இங்கே குறையொன்றுமின்றி இருக்கிறோம், புனேயில் நீயும் மருமகள் ஷோபனாவும் பேரன் ஆதவனும் அவ்வண்ணமே இருக்க இறைவனை வேண்டுகிறேன். நைனாவுக்கு முழங்கால் வலி தணிந்து, காலையில் கோட்டை வரை நடந்து வருகிறார். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நீ குறுக்கே பேசுவாய், கடிதத்தில் அது இயலாதல்லவா. ஆதவனைப் பார்த்துக்கொண்ட அம்மாள் நின்றுவிட்டதால், மாத இறுதியில் ஷோபனா வேலையை விட்டுவிட எழுதிக்கொடுக்கப் போகிறாள் என்று சொன்னாய். அவளுடைய ஆய்வுக்கூடத்தில் குழந்தைகளுக்கு அனுமதியில்லை, உன் அலுவலகத்தில் உண்டு, காப்பகத்தில் இடம் கிடைக்கும்வரை நீ அழைத்துச் செல்லலாமே என்று கேட்டேன். "ஆம்பள நான் புள்ளயத் தூக்கிக்கினு போனா சிரிப்பாங்கம்மா" என்றாய். அச்சொல் இன்னும் என் நெஞ்சை விட்டு இறங்கவில்லை.

நம் தையற்கூடத்தில் துணி வெட்டும் மாஸ்டர் நெடுமாறனை நீ அறிவாய். அவர் மனைவிக்குப் பக்கத்து ஊரான அனந்தபுரத்தில் செவிலியர் பணி கிடைத்தது முதல், இரண்டு வயது மகள் மோனிகாவை அவரே வேலைக்கு அழைத்து வருகிறார். நூல் கொண்டுவருபவர், "இன்னா மாஸ்டரே, சம்சாரம் ஊசி போடுது, நீ பால் புட்டி கழுவுறியா" என்று கேலி பேசினார். மாஸ்டர் தலை நிமிராமல், "கழுவுறேன், உன் வூட்டு புட்டியும் இருந்தா குடுத்துட்டுப் போ" என்றார். அதன் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. குழந்தை சிணுங்கினாலே போதும், பெண்கள் நாங்கள் ஓடிப்போய், உனக்கு இன்னா தெரியும் மாஸ்டர் என்று அவர் கையிலிருந்து வாங்கிவிடுவோம், அதை அன்பென்றே எண்ணியிருந்தோம். சென்ற புதனன்று பள்ளிச் சீருடை அவசரத்தில், அழுத குழந்தையை வாங்கி, தைத்துக்கொண்டிருந்த ஜெயசுதாவின் மடியில் நானே வைத்தேன். அவள் தையல் மிஷினை நிறுத்தி, "அம்மா, அவரு புள்ளய அவருகிட்டயே குடுங்க. நானும் இங்க வேலைக்குத்தான் வந்திருக்கேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது, ஆயினும் அதில் மறுத்துரைக்க ஒன்றுமில்லை. மாஸ்டர் கத்தரியை வைத்துவிட்டு வந்து மகளைத் தோளில் போட்டுத் தட்டினார், சட்டை நனைந்தது, வெட்டு தாமதமாயிற்று, சீருடைகள் மறுநாள்தான் போயின, குடி ஒன்றும் முழுகிவிடவில்லை. பள்ளி விட்டதும் இங்கு வரும் ஜெயசுதாவின் பையன்கள் இப்போது தாங்கள் தின்ற தட்டைத் தாங்களே கழுவுகிறார்கள். அவர்களுக்கு ஆண் பெண் சமத்துவம் பற்றி எவரும் பாடம் நடத்தவில்லை, மாஸ்டரைப் பார்க்கிறார்கள், அவ்வளவே.

ஆகவே மகனே, ஆதவனை நீயே தூக்கிச் செல். சிரிப்பவர்கள் இரண்டொரு நாள் சிரித்துவிட்டுத் தத்தம் வேலையைப் பார்ப்பார்கள். அவன் அழுதால் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் நீட்டாதே. எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு, மீதியை நூலகத்தில் தானே கற்றவள் நான், கைக்கு எட்டியதை ஒரு பெண் பாதியில் விட்டுவிட்டு வருவது எத்தகையதென்று எனக்குத் தெரியும். ஷோபனாவுக்கு அது நேர வேண்டாம்.

உங்கள் மூவருக்கும் எங்கள் இருவரின் நல்லாசிகள். ஆதவனுக்குக் கொதித்து ஆறிய நீரையே கொடு, மறவாதே. அடுத்த மாதம் முதல் திங்களன்று நண்பகலில், நீ அலுவலகத்தில் இருக்கும்போது, உன்னை அழைப்பேன். உன் குரலுக்குப் பின்னால் அவன் அழுவது கேட்டால், வேறெதுவும் கேளாமல் மனநிறைவோடு வைத்துவிடுவேன்.

என்றும் உன் நலம் நாடும் அம்மா,
மங்கை கோவிந்தசாமி