ஏழாம் விதிப் பெட்டி

மகியாவை, கண்டி
02.06.2024

பின்வரிசையின் பெருஞ்சுவரும், நம் அணித்தலைவரும், பதினெட்டு வருடங்களாக எதிரணிக்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்து வருபவருமாகிய என் அன்பு மருமகன் மோகனராஜுக்கு,

மகாவலி மின்னல் உதைபந்தாட்டக் கழகத்தின் முகாமையாளரும், தேர்வுக் குழுத் தலைவரும், கோல் வலையின் ஓட்டைகளைத் தைப்பவருமான உன் தாய்மாமன் ஜனார்த்தனன் எழுதிக்கொள்வது. நான் நலம். நீயும் சுதர்சினியும் குட்டி சஞ்சீவனியும் நலமாயிருக்க வேண்டும். நலமில்லை என்றால் கிண்ணப் போட்டி முடியும் வரை நலம் போல நடியுங்கள்.

இரண்டு தெரு தள்ளி இருக்கிறவனுக்கு எதற்குக் கடிதம் என்று சுதர்சினி கேட்பாள். ஏழாம் விதியை அவளுக்குச் சொல். மூன்று வருடத்துக்கு முன் அணித் தேர்வை வாயால் பேசப் போய், செயலாளர் ஜீவன் எறிந்த கதிரை ஜன்னலைத் தாண்டி, கண்டி வாவியை மூன்று முறை வலம்வந்து, ஒரு கொக்கை மயக்கம்போட வைத்தது அல்லவா? அதற்குப் பிறகுதான் விதி எழுதினோம். யாரை எடுப்பது, யாரை விடுவது என்ற பேச்செல்லாம் எழுத்தில். கழக வாசல் தகரப் பெட்டியில் போட வேண்டும். மூன்று நாளில் என் பதில். பிறகு கோப்பில் ஏற வேண்டும். அன்றிலிருந்து ஒரு கதிரையும் உயிரிழக்கவில்லை.

இப்போது விஷயம். கமிட்டி இரண்டாகக் கிழிந்து கிடக்கிறது. கமிட்டி உறுப்பினர் நளீர் எல்லாரும் இருபது வயதுக்குள் இருக்க வேண்டும் என்கிறார். ஜீவன் பழைய ஆட்களே போதும் என்கிறான். நான் சொன்னேன்: "கடுகண்ணாவை ஏத்தத்துல லொறி ஓட்டினவனைக் கேளுங்கப்பா. எல்லா டயரும் புதுசுன்னா முதலாளி தெருவுல. எல்லாம் பழசுன்னா டிரைவர் பள்ளத்துல." தீர்ப்பு: ஐந்து பழசு, ஆறு புதுசு.

நடுப் பின்வரிசையில் உன் பக்கத்தில் அலவத்துகொட முஸ்அப் நிற்பான். பத்தொன்பது வயது. அவன் ஓடுவதைப் பார்த்த மாத்தளை பஸ் ஒன்று வெட்கத்தில் ஓரங்கட்டி நின்றுவிட்டது. அவனைக் கிட்ட இருந்து பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுது. உன் இடத்தைப் பற்றி யோசிக்காதே. நான் மூச்சு விடும்வரை உன் பின்புறம் மாற்று ஆட்டக்காரர் பெஞ்சைத் தொடாது. இது சத்தியம்.

ஆயிரம் ஆசிகளுடன்,
மாமா


14.06.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். சஞ்சீவனிக்குச் சளி, வேறொன்றுமில்லை. கடையில் சீருடைத் துணி வியாபாரம். காலை முதல் மாலை வரை நின்றபடிதான்.

முஸ்அப் பற்றி. நல்ல ஆட்டக்காரன். வேகம் இருக்கிறது, பயம் இல்லை. நெருக்கினால் எப்போதும் இடது பக்கமே திரும்புகிறான். அதை எதிரணி கண்டுபிடித்தால் கஷ்டம். இன்னொன்று, வாயே திறப்பதில்லை. "ஏன்டா கத்த மாட்டேங்கிற?" என்று கேட்டேன். "நீங்க மூத்தவங்க நானா, உங்களுக்கு எப்படிக் கத்துற?" என்று என்னை அண்ணனாக்கிச் சொன்னான். உள்ளே இறங்கினால் மூத்தவன் இளையவன் கிடையாது, பேரைச் சொல்லிக் கத்து என்றேன். போன ஞாயிறு "மோகன், பின்னால!" என்று அவன் போட்ட சத்தத்தில் ரெபரியே திரும்பிப் பார்த்தார். மெட்ச் முடிந்ததும் வந்து மன்னிப்புக் கேட்டான்.

அவனை எடுத்தது சரி, மாமா.

அன்புடன்,
மோகன்


17.06.2024

என் கண்ணே, கற்கோட்டையே,

உன் கடிதத்தைக் கமிட்டியில் வாசித்தேன். நளீர் கண்ணீர் விட்டதில் நிலக்கீழ் அறையில் வெள்ளம். தன் பக்கத்தில் நிற்கிறவனை இப்படி மனசார மெச்சுகிற ஆளைப் பார்த்ததில்லை என்றார்.

சரி, இப்போது முகாமையாளரை வெளியே அனுப்பிவிட்டு மாமனாகக் கேட்கிறேன். பல்லேகலக்காரர்களோடு ஆடியபோது இரண்டாம் பாதியில் ஆறு முறை குனிந்து காலுறையைச் சரிசெய்தாய். உன் காலுறைக்கு ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். என்னடா செய்கிறது? என்னிடம் மறைக்காதே. உன் தொட்டிலை ஆட்டியவன் நான்; இந்தக் கையில் இன்னும் அந்தக் கயிற்றின் தழும்பு ஏழு அங்குல ஆழத்தில் இருக்கிறது.

மாமா


03.07.2024

அன்புள்ள மாமாவுக்கு,

வீட்டுக்கு வந்து சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். கமலம் அத்தை காதில் விழுந்தால் அம்மாவுக்குப் போய்விடும். அம்மா என் பூட்ஸை அடுப்பில் போட்டுவிடுவார். அதனால் இதையும் பெட்டியிலேயே போடுகிறேன். பெட்டிச் சாவி உங்களிடம்தானே.

வலது முழங்கால். ஒவ்வொரு மெட்சுக்குப் பிறகும் தேங்காய் மாதிரி வீங்குகிறது. மார்க்கெட் மீன்கடையில் ஐஸ் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். மறுநாள் கடையில் என் பக்கத்தில் நிற்கிறவர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள். அறுபது நிமிடத்துக்கு மேல் வலது பக்கம் திரும்ப முடியவில்லை. முஸ்அப்புக்குத் தெரியும். என் பக்கத்தையும் சேர்த்து ஓடுகிறான்.

இன்னும் இரண்டே மெட்ச், மாமா. அரையிறுதி, இறுதி. அதோடு நானே நிறுத்திவிடுவேன், யாரும் சொல்லத் தேவையில்லை. சஞ்சீவனி நான் விளையாடி ஒரு நாளும் பார்த்ததில்லை. இறுதி ஆட்டத்துக்குப் போகம்பறை மைதானத்துக்குக் கூட்டிவருவதாகச் சொல்லிவிட்டேன். தினமும் எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணுகிறாள்.

இது உங்களுக்கு மட்டும்.

மோகன்


06.07.2024

அருமை மருமகனே,

உன் கடிதத்தைப் படித்தேன், மடித்தேன், பிளேன்டீயில் நனைத்து விழுங்கிவிட்டேன். கொஞ்சம் மீன் வாடை. மற்றபடி ருசி. இனி அந்த ரகசியம் என் வயிற்றில். எக்ஸ்ரே எடுத்தாலும் தெரியாது. நீ ஐஸைக் கட்டிக்கொண்டு அரையிறுதியைப் பார். மற்றதை மாமா பார்த்துக்கொள்கிறேன்.

மாமா


25.07.2024

மகாவலி மின்னலின் மங்காத தீபம், அணித்தலைவர் மோகனராஜ் அவர்களுக்கு,

அரையிறுதியில் நாம் வென்றதும் குன்றுகள் குலுங்கின, தெல்தெனியவில் கோழிகள் நேரமில்லா நேரத்தில் கூவின என்பதை நீ அறிவாய். நேற்றுக் கூடிய தேர்வுக் குழு, உன் பதினெட்டு வருடச் சேவையை மெச்சி, இறுதி ஆட்டத்துக்கு உன்னைக் கௌரவ அணித்தலைவராக நியமித்திருக்கிறது. கழகக் கொடியை ஏந்தி முன்னே நடப்பவன் நீ. கிண்ணத்தை வாங்குபவனும் நீ. ஆட்ட நேரத்தில் என் பக்கத்தில் மெத்தை போட்ட கதிரையில், ஒரு மன்னனைப் போல வீற்றிருப்பாய். பெஞ்ச் இல்லை, கவனி, கதிரை! நான் சொன்ன சொல் தவறவில்லை.

உன் இடத்தில் மாற்று ஆட்டக்காரன் அஸ்ஃபர் ஆடுவான்.

வாழ்த்துகளுடன்,
மாமா


26.07.2024

முகாமையாளர் அவர்களுக்கு,

நேற்று மத்தியானம் ஜீவன் கடைக்கு வந்தான். துணி வாங்க வந்தவன் போல ஒரு சேலையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு, "மச்சான், கோவிக்காத. உன் கடிதத்தைத்தான் உன் மாமா வாசிச்சாரு. முழங்கால், ஐஸ், மீன்கடை எல்லாம். உன்னை எடுக்கணும்னு வந்தவங்க பிறகு எப்படி வாய் திறக்கிறது?" என்றான்.

உங்கள் வயிற்றிலிருந்து அது எப்படிக் கோப்புக்குப் போனது, மாமா?

அஸ்ஃபரைப் போட்டது பிழை என்று நான் சொல்லவில்லை. அவனுக்குக் கால் இருக்கிறது, எனக்கு இல்லை. நீங்கள் என் வீட்டு வாசலில் நின்று, "டேய், உனக்குக் காலம் முடிஞ்சுதுடா" என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு அழுதிருப்பேன். மறுநாள் அவன் பூட்ஸை நானே தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். முஸ்அப் வந்து, "நீங்க இல்லாம நான் இறங்க மாட்டேன் நானா" என்று நின்றான். ஏசித்தான் அனுப்பினேன். அவன் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசினான். உங்களுக்கு அது முடியவில்லை.

கொடி பிடிக்க வர மாட்டேன். தலைவர் கைப்பட்டியைப் பெட்டியில் போட்டிருக்கிறேன். சஞ்சீவனியிடம் மெட்ச் மழையால் நின்றுவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். தெருவில் யாரும் மாற்றிச் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் விதிப்படி ஒரு கோரிக்கை. 03.07 திகதிய என் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவிடவும். அது முகாமையாளருக்கு எழுதியது அல்ல.

இப்படிக்கு,
சு. மோகனராஜ்


04.08.2024

மோகன்,

இதைப் பெட்டியில் போடவில்லை. முத்திரை ஒட்டித் தபாலில் அனுப்புகிறேன். தபால்கந்தோர்ப் பெண் விலாசத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டு தெரு தள்ளித்தானே மாமா, நடந்தே குடுக்கலாமே" என்றாள். நடந்து வந்தேன். மூன்று தரம். உன் கேட் வரைக்கும்.

ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றோம். அஸ்ஃபர் நன்றாக ஆடினான். எழுபதாவது நிமிடம் போல, நெருக்கடியில், முஸ்அப் பழக்கத்தில் "மோகன், பின்னால!" என்று கத்திவிட்டான். அஸ்ஃபர் திரும்பிப் பார்த்தான். பெஞ்சில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் பக்கத்துக் கதிரையில் கொடியைச் சாத்தி வைத்திருந்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். கமிட்டியில் யாரும் உன்னை நிறுத்தக் கேட்கவில்லை. நான் கடிதத்தை வாசிக்கும் முன் நளீர்கூட, "கேப்டன் இருக்கட்டும், அறுவது நிமிசம் ஆடட்டும், பிறகு மாத்துவோம்" என்றார். தோற்றுவிடுவோமோ என்று பயந்தது நான்தான். பழசும் புதுசும் என்று ஊரெல்லாம் பேசிய வாய்க்கு, உன்னிடம் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை. அதனால் உன் கையெழுத்தையே சொல்ல வைத்தேன்.

நேற்று மார்க்கெட் பஸ் தரிப்பில் உங்களைக் கண்டேன். சஞ்சீவனி என்னைப் பார்த்துக் கையைக் காட்டினாள். நீ அந்தக் கையைப் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டாய்.

நீ கேட்ட கடிதத்தைக் கோப்பிலிருந்து பிய்த்தெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஜீவன் பார்த்துக்கொண்டே இருந்தான். மேல் ஓரத்தில் துளை போட்ட இடம் கிழிந்துவிட்டது. அங்கேதான் "அன்புள்ள மாமாவுக்கு" என்று எழுதியிருந்தாய். கூட்டத்தில் நளீர், "இது யாருக்கு எழுதினது?" என்று கேட்டார். கழகத்துக்கு என்றேன்.

அந்த வரியை நான் அன்றைக்கு வாசிக்கவில்லை. "வலது முழங்கால்" என்ற வரியிலிருந்துதான் வாசித்தேன்.

ஜனார்த்தனன்