கூடத்தில் நின்ற குளியலறை

மார்ச் 6, வியாழன்

குளியல் பெட்டி வந்துவிட்டது. கீழே ஒரு தட்டு, மூன்று பக்கத்துக்கும் பலகை, உட்கார ஒரு மேடை, கண்ணாடிக் கதவு — எல்லாம் தொழிற்சாலையிலேயே செய்து, தனித்தனியாகக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் தீப்பெட்டிக் குளியலறையின் மூலையில் கச்சிதமாக உட்காருமாம். பொருத்துபவர் திங்கள்தான் வருவார்.

முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து மாமியார் செவ்வாயன்று இங்கே வருகிறார். பழைய தரையில் வழுக்கினால் அவ்வளவுதான். இதிலாவது அவரிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் பேசியது “சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை”, “வரேன் மாப்பிள்ளை”. அவ்வளவே.

மார்ச் 9, ஞாயிறு

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் கூடத்தில் பிரித்தேன். பார்க்கத்தான் சேர்த்தும் வைத்தேன். அழகாக நின்றது. பசைக் குழாய் வேறு கையில் இருந்தது. மூலை முடுக்கெல்லாம் பூசி முடித்தேன்.

மனைவி கடையிலிருந்து வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“ஏங்க, இது பாத்ரூம் கதவுக்குள்ள போகுமா?”

போகாது. ஒரு சாண் அதிகம்.

மார்ச் 10, திங்கள்

பொருத்துபவர் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “சார், ஹால்லயா குளிக்கப் போறீங்க?”

உள்ளே கொண்டுபோய்தான் சேர்க்க வேண்டுமாம். இப்போது பிடித்து இழுத்தால் பலகை விரிசல் விட்டுவிடும்; காய்ந்த பசையை பிளேடால் பொறுமையாகச் சுரண்ட வேண்டும். “சுரண்டி வைங்க, வெள்ளிக்கிழமை வரேன்.” போகும்போது ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

மாமியார் வந்தார். பார்த்தார். பெட்டியைச் சுற்றிக்கொண்டு அறைக்குப் போய்விட்டார். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

மார்ச் 12, புதன்

மனைவி அவருக்கு ஈரத்துணியால் உடம்பு துடைத்துவிட்டாள். “என்னால உங்களுக்கெல்லாம் கஷ்டம்” என்று அவர் சொன்னது சமையலறை வரை கேட்டது. பத்து நாளில் தன் வீட்டுக்கே போகிறாராம். அங்கே தனியாக யார் பார்த்துக்கொள்வார்கள்?

“எல்லாம் உங்க அவசரத்தால” என்றாள் மனைவி.

என் அவசரத்தாலயா? ஆமா, அதேதான். இந்தக் கையை வெச்சுக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை சும்மா இருக்க முடியுதா எனக்கு?

மார்ச் 13, வியாழன்

விடுப்பு எடுத்துச் சுரண்டினேன். வாக்கரை ஊன்றியபடி மாமியார் வந்தார். என்னை ஒதுங்கச் சொல்லி, பெட்டிக்குள் மேடையில் மெல்ல உட்கார்ந்தார்.

“இன்னொரு பிளேடைக் கொடுங்க மாப்பிள்ளை. உள்பக்கம் நான் பார்க்கிறேன்.”

“ஐயோ, வேண்டாம் அத்தை.”

“ஆபரேஷன் கால்லதான். கையில இல்ல.”

அவர் உள்ளே, நான் வெளியே, நடுவில் பலகை. முகம் தெரியாததாலோ என்னவோ, பேச்சு வந்தது.

“கல்யாணமான புதுசுல உங்க மாமா மொட்டை மாடியில உட்கார்ந்து ஒரு கட்டில் செஞ்சார். மாடிப்படி வழியா இறங்கல. அங்கேயேதான் படுத்தோம்.”

“மழை பெஞ்சா?”

“அவர் குடை பிடிப்பார். நான் தூங்குவேன்.”

தைரியம் வந்து கேட்டேன்: “பத்து நாள்ல போறேன்னீங்களாமே?”

உள்ளே சுரண்டும் சத்தம் நின்றது.

“நான் வந்தது உங்களுக்குப் பிடிக்கலையோன்னு நினைச்சேன். நீங்கதான் என்கிட்ட பேசவே மாட்டீங்களே.”

நானா? பேசாதது நானா!

“நீங்க பேசலைன்னுதானே நான் பேசாம இருந்தேன்” என்றேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். நானும். சிரித்த சிரிப்பில் பெட்டி ஆடியது. பக்கப் பலகை தடாலென்று கழன்று என்மேல் சாய்ந்தது.

மனைவி ஓடிவந்தாள். பிளேடும் கையுமாக அவள் அம்மா வீற்றிருக்கிறார். பலகைக்கு அடியில் நான்.

“அம்மா! அவரை என்ன பண்ணினே?”

மார்ச் 14, வெள்ளி

பொருத்தியாகிவிட்டது. முடியும்வரை என்னைக் கூடத்தைவிட்டு நகரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மீதிப் பசைக் குழாயைக் காணவில்லை. மனைவியைத்தான் சந்தேகப்படுகிறேன்.

ஏப்ரல் 7, திங்கள்

அத்தை உள்ளே போய் முக்கால் மணி நேரம். ஷவர் சத்தம், நடுநடுவே பாட்டு. தோளில் துண்டோடு நான் வெளியே. கதவைத் தட்டினேன்.

“அத்தை, ஆபீஸுக்கு நேரமாச்சு.”

“அஞ்சே நிமிஷம் மாப்பிள்ளை!” பிறகு, தண்ணீரை நிறுத்தாமலே: “நான் வாங்குற வாரப் பத்திரிகையை இனிமே இந்த அட்ரஸுக்கே போடச் சொல்லிட்டேன். வந்தா நான்தான் முதல்ல படிப்பேன், சொல்லிட்டேன்.”

“சரிங்க அத்தை.”

சமையலறைக் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பினேன்.