கோட்டுக்கு அந்தப் பக்கம்

பிப். 8, செவ்வாய்

காலையில் பனி. கடல் தெரியவில்லை. வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், மூக்குப்பொடி, பிலோவின் கான்வாஸ் ஷூவுக்கு வெள்ளைப் பூச்சு.

நேற்றைய கூடைப்பந்து அரையிறுதியில் பிலோவின் கல்லூரிக்கே வெற்றி. பத்திரிகையில் கூடை போட்ட மூன்று பெண்களின் பெயர். என் மகள் பிலோவின் பெயர் இல்லை. மூன்று வருடமாக இதே அநியாயம். பெண்கள் ஆட்டத்தில் நடுவே கோடு. தடுக்கிறவள் அதைத் தாண்டக்கூடாது, கூடை போடக்கூடாது. இரண்டு முறை கோப்பை வந்தது பிலோ தடுத்ததால். யார் எழுதுகிறார்கள்?

சனிக்கிழமை இறுதி ஆட்டம். மாகாண அணிக்கு ஆள் எடுக்கத் தேர்வுக்குழு வருகிறது.

மீன்காரி அஞ்சலை: "இன்னா நைனா, உம் பொண்ணு பந்து ஆட்றாளா, சும்மா நின்னுக்கினு கீறாளா?" வஞ்சிரம் வாங்கவில்லை.

பிப். 9, புதன்

பிலோவிடம் சொல்லாமல் கல்லூரிக்குப் போனேன். கையில் மூர் மார்க்கெட்டில் வாங்கிய விதிப்புத்தகம். நான் படித்தது நாலாவது வரை. இங்கிலீஷ், அச்சாபீஸ் வேலையில் எழுத்துக் கோத்துக் கோத்து நானே கற்றது. எவனும் சொல்லித்தரவில்லை.

பயிற்சி ஆசிரியையிடம், பிலோவை முன்னால் நிறுத்துங்கள் என்றேன்.

"அவ பின்னால நிக்கறதாலதான் சார் ஜெயிக்கிறோம்."

நான் ஒரு மணி நேரம் அங்கிருந்து நகரவில்லை. கடைசியில் கேட்டார்:

"பிலோவுக்கே ஆசையா?"

"அவள்தான் கேட்கச் சொன்னாள்" என்றேன். பொய். வேறு வழியில்லை.

பிப். 12, சனி

வெயில். தோல்வி.

பிலோ முன்னால். எறிந்தது ஏழு, விழுந்தது ஒன்று. எதிரணியின் நெட்டைப் பெண்ணை இரண்டு வருடமாகக் கட்டிப்போட்டவள் இவள். இன்று நெட்டைக்குத் திருவிழா. இடைவேளைக்குப் பின் பிலோவைப் பழைய இடத்துக்கு மாற்றினார்கள். நெட்டைக்கு அதன்பின் ஒரு கூடைகூட இல்லை. ஆனால் தேர்வுக்குழு இடைவேளையிலேயே எழுந்து போய்விட்டது.

பந்தில் காற்றுக் குறைவு. நடுவரிடம் சொன்னேன். "பெரியவரே, ஒக்காருங்க" என்றான்.

பிப். 13, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து ஆசிரியை எங்கள் வீட்டுக்கு வந்தார். மாகாண அணியில் பிலோ இல்லை.

"தடுக்கிறதுக்குத்தான் ஆள் தேடி வந்திருந்தாங்க, பிலோ. முன்னால ஆடணும்னா என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே? அப்பாவை ஏன் அனுப்பின?"

பிலோ என்னைப் பார்த்தாள். கையில் காப்பித் தட்டு.

"ஆசைப்பட்டுட்டேன் மிஸ். என் தப்புதான்."

ஆசிரியை போன பிறகு என் மனைவி: "ஏங்க, அவளா கேட்டா?"

நான் நினைத்தது தவறென்று இப்போதும் ஒப்புக்கொள்ளமாட்டேன். கூடை போடுகிறவளுக்குத்தான் பெயர். அது உலக வழக்கம், நான் செய்ததல்ல. சொன்ன பொய் மட்டும் என்னுடையது.

உள்ளேயிருந்து பிலோ: "அப்பா, சோறு ஆறுது, வாங்க."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.