பாக்கியத்துக்குச் சுட்ட பண்டம்

மட்டாஞ்சேரி
20-7-84, வெள்ளி இரவு

அன்புள்ள பாக்கியத்துக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே, தூக்கத்தில் எழுத்து கோணிப் போனாலும் பொறுத்துக்கொள். பகலில் பேனாவை எடுத்தால் யாராவது வந்து அந்த விஷயத்தை முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள், இப்போதுதான் வீடு எனக்கென்று கிடைத்தது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற குட்டியும் அப்படியே இருக்க வேண்டும் என்று விளக்கு ஏற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். அப்பா வழக்கம்போல ஏலக்காய் ஏலத்துக்குக் குமுளி போயிருக்கிறார், நாளை சாயங்காலம்தான் வருவார். மழை விடவே இல்லை. கர்க்கடக மாதம் வந்தால் இந்த ஊரில் மழைக்கும் கள்ளனுக்கும் சேர்த்துப் பயப்பட வேண்டும், ஓட்டின் மேல் கொட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் யானை வந்து நின்றாலும் காதில் விழாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் நகையில் ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நீ பாதியிலேயே பதறிவிடுவாய். நேற்று நம் வீட்டுக்குத் திருடன் வந்துவிட்டுப் போனான்.

போன கடிதத்தில், டாக்டரம்மா ரயில் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார், பிரசவத்துக்கு அங்கே வர முடியாது என்று எழுதியிருந்தாய். சரி, நாம் போய் இருந்துவிட்டு வரலாம் என்று மனதில் பெட்டி கட்டிக்கொண்டே அடுத்த வரியைப் படித்தேன். நீயும் கிளம்பிவிட்டால் நகையை யார் பார்ப்பார்கள் அம்மா, நான் சமாளித்துக்கொள்கிறேன், நீ வீட்டிலேயே இரு என்று இருந்தது. கல்யாணம் முடிந்து நீ பிலாய்க்குப் புறப்பட்ட அன்று, குவார்ட்டர்ஸில் பத்திரமில்லை, உன்னிடம் இருந்தால் எனக்குக் கவலையில்லை என்று அந்தப் பெட்டியை என் கையில் கொடுத்தாயே, அப்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து அரிசிப் பானை, பரண், அப்பாவின் பழைய ரேடியோப் பெட்டி என்று இடம் மாற்றி மாற்றி வைத்துக் காவல் இருக்கிறேன். சித்தி மகள் கல்யாணத்துக்குத் திருநெல்வேலிக்குக்கூட அப்பாவை மட்டும்தான் அனுப்பினேன். பி.ஏ. படித்தவள் காவலுக்கு இருக்கிறாள் என்று அப்பா கேலி செய்வார், செய்யட்டும். ஆனால் அந்த வரியைப் படித்த அன்று சோறு இறங்கவில்லை. உன்னைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை, மனதில் இருப்பதை எழுதுகிறேன்.

வர முடியாது என்று ஆனபிறகு பண்டமாவது செய்து அனுப்பலாம் என்று முறுக்கும் சீடையும் அதிரசமும் சுட்டேன். அப்பா ஆபீஸ் பிச்சுமணி ஞாயிற்றுக்கிழமை ராய்ப்பூருக்குப் போகிறார், பிலாய் வந்து உன் கையில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். பெரிய பிஸ்கட் டின்னில் அடுக்கி, காடாத்துணி சுற்றித் தைத்து, மேலே உன் விலாசத்தை மையில் கொட்டை எழுத்தில் எழுதினேன். அந்தச் சந்தோஷத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கமலாக்ஷி சேச்சியிடம், பாக்கியத்துக்குள்ள பண்டமெல்லாம் டின்னில் அடைச்சுத் தைச்சாச்சு, ஞாயிறாழ்ச்ச பிச்சுமணி கொண்டுபோகும் என்று என் அரைகுறை மலையாளத்தில் உரக்கச் சொன்னேன். சேச்சி ஒரு மாதிரி திரும்பிப் பார்த்தாள். ஓர் ஆளை நம்பி அத்தனையும் கொடுத்துவிடுவதா என்று கேட்டாள். பிச்சுமணி தின்றுவிடுவான் என்று சொல்கிறாளாக்கும் என்று நினைத்து, வழியில் கொஞ்சம் எடுத்தால் எடுக்கட்டும், போனால் போகிறது என்றேன். அவள் காயப்போட்ட துணியைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நேற்று மத்தியானம் சேச்சிதான், வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து பூசணம் பூத்துவிடுவாய் என்று சொல்லி என்னை எறணாகுளத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். குழந்தைக்கு மெல்லிய மல் துணி வாங்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் நகையைப் போட்டுவிட்டுப் போக மனம் வருமா. துணிப்பட்டையில் எல்லாவற்றையும் வைத்துத் தைத்து இடுப்பில் கட்டி அதன்மேல் புடவையைச் சுற்றிக்கொண்டேன். உன் அட்டிகை படகில் ஏறினது முதல் விலாவில் குத்திக்கொண்டே வந்தது, வயிறு வலிக்கிறதா என்று சேச்சி இரண்டு தரம் கேட்டாள். நீ போடாத நகையெல்லாம் என்னோடு பிராட்வே கடைத்தெரு முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தது என்று வைத்துக்கொள். துணி நன்றாக இருக்கிறது, ஓரம் அடித்து வைக்கிறேன்.

திரும்பி வந்தால் பின்கதவு நாதாங்கி பெயர்ந்து தொங்குகிறது. உள்ளே ஓடிப் பார்த்தேன். பீரோவைத் தொடவில்லை, வெள்ளிக் குத்துவிளக்கு நின்ற இடத்தில் நிற்கிறது, ரேடியோ இருக்கிறது. அடுக்களைப் பலகையில் இருந்த டின்னை மட்டும் காணோம். சேச்சி என் கையைப் பிடித்து, நான் அப்பவே பறஞ்ஞதல்லே மோளே, அப்போதே சொன்னேனே என்று அழ ஆரம்பித்துவிட்டாள். பண்டத்துக்காக இவள் ஏன் இப்படி அழுகிறாள் என்று எனக்குப் புரியவே இல்லை.

ஸ்டேஷனுக்கும் அவளே கூட்டிப் போனாள். என்ன போயிற்று என்று அங்கிருந்த ஏட்டு கேட்டார். பண்டம் என்றேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, எத்ர பவன், எத்தனை பவுன் என்றார். நான் ஒன்றும் ஓடாமல், இரண்டு படி அரிசி என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையும் சேச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போதுதான் பாக்கியம் எனக்கு உறைத்தது, இந்த ஊரில் பண்டம் என்றால் நகையல்லவா. நம் முக்கில் அடகுக் கடை வாசலில் பண்டப் பணயம் என்று போர்டு தொங்குகிறது, அதைத் தாண்டித்தான் இருபது வருஷமாகக் காய்கறி வாங்கப் போகிறேன். அறிவுக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை, வாய் இன்னும் திருநெல்வேலியிலேயே இருக்கிறது. முறுக்கு, முறுக்கு என்று கையால் சுற்றிக் காட்டினேன். ஏட்டு சிரித்த சிரிப்பில் உள்ளே இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். ஏட்டு என்னைப் பார்த்து, சேச்சி, ஆ பாவம் கள்ளன் இப்போள் கரயுந்நுண்டாவும் என்றார், பாவம் அந்தத் திருடன் இந்நேரம் அழுதுகொண்டிருப்பானாம். கமலாக்ஷியும் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். மகளுடைய பண்டத்தையெல்லாம் ஓர் ஆள் கையில் கொடுத்துவிடுகிறாளே இந்தப் பாண்டிக்காரி என்று கவலை தாங்காமல் மீன்காரியிடமும் குழாயடியிலும் சொல்லிவைத்தது அவள்தான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவளை நீ ஒன்றும் நினைக்காதே.

இன்று காலையில் டின்னே திரும்பி வந்தது. எதிரே பாண்டிசாலை என்கிற அரிசிக் கிடங்கு வைத்திருக்கிற முகமது இஸ்மாயில் இக்காவின் சுமட்டுக்காரர்கள் படகுத்துறைப் பக்கம் சாக்குகளுக்கு நடுவில் கிடந்ததாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். உன் பெயர் எழுதின துணியை நீளக் கிழித்திருக்கிறான். அடியில் தங்கம் இருக்கும் என்று கையை விட்டுக் குடைந்ததில் முறுக்கெல்லாம் தூளாகிவிட்டது. அதிரசத்தை மட்டும் காணோம், தின்றிருக்கிறான். நன்றாக வந்திருந்தது பாக்கியம், இந்தத் தடவை பாகு பதம் தவறவே இல்லை. நீ தின்ன வேண்டியது.

எல்லாரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது நான் மட்டும் இருக்கிறேன். நாதாங்கிக்குத் தச்சன் நாளைக்குத்தான் வருவானாம், அதனால் பின்கதவில் ஆட்டுக்கல்லை உருட்டி வைத்து அதன்மேல் எவர்சில்வர் குடங்களை அடுக்கியிருக்கிறேன், தள்ளினால் தெரு முழுக்கக் கேட்கும். சேச்சி வந்து படுத்துக்கொள்கிறேன் என்றாள், அவளுக்கு முட்டுவலி, வேண்டாம் என்றுவிட்டேன். பயம்கூடப் பெரிதில்லை. நான் வெளியே போன ஒரே மத்தியானம் பார்த்து அவன் வந்திருக்கிறான் என்றால், நான் எப்போதும் வீட்டில் இருக்கிறவள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நம் வீட்டுக்கு நான்தான் பூட்டு என்று எவனோ முகம் தெரியாத ஒருவன் கணக்கு வைத்திருக்கிறான். அதை நினைத்தால் திருட்டுப் போனதைவிட மனது என்னவோ செய்கிறது. உன்னைப் பெறும்போது எனக்கு இருபது வயது, பக்கத்தில் என் அம்மா இல்லாமல் இருந்தால் அந்த ராத்திரியை நான் தாண்டியிருக்க மாட்டேன். உன்னை அங்கே தனியாக விட்டுவிட்டு இந்த அட்டிகைக்குப் பக்கத்தில் நான் எதற்கு உட்கார்ந்திருக்கிறேன்.

இஸ்மாயில் இக்கா ஒரு வழி சொல்லியிருக்கிறார். அவர் தம்பி கோழிக்கோட்டுக்கே போய்விடுவதால் பாங்கில் அவருடைய லாக்கர் காலியாகிறதாம், மானேஜரிடம் சொல்லி நமக்கே வாங்கித் தருகிறேன் என்கிறார். அப்பாவிடம் நாளை பேசுகிறேன், அவர் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். ஆனால் நகை உன்னுடையது, உன் வாயால் சரி என்று வராமல் நான் அதை வீட்டைவிட்டு அனுப்ப மாட்டேன். பிச்சுமணியிடம் இந்தத் தடவை ஒன்றும் கொடுத்துவிடவில்லை. மாவு புதிதாக இடித்து வறுத்து வைத்திருக்கிறேன், கெடாது. நீ வரச் சொன்னால் அதைக் கொண்டுவந்து உன் அடுப்பிலேயே சுட்டுத் தருகிறேன்.

மாப்பிள்ளை நைட் ஷிப்டு போகிற நாளில் உள்தாழ்ப்பாளும் போட்டுக்கொள், வாசலில் யார் கூப்பிட்டாலும் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பேசு. கழுத்தில் தாலிச் சங்கிலி போதும், ஆஸ்பத்திரிக்கு வளையல் வேண்டாம். குனிந்து பெருக்காதே, இடது பக்கமாகப் படு. நெல்லையப்பரும் காந்திமதியும் உன்னையும் குழந்தையையும் நல்லபடியாகப் பிரித்துத் தர வேண்டும், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள்.

நீளமாக எழுத முடியாவிட்டால் வேண்டாம், ஒரு கார்டு போதும். நகையை லாக்கரில் வைக்கலாமா, நான் வரலாமா, இரண்டுக்கும் சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா